தடித்த எழுத்தில் 610: அப்ளேஷனுக்குப் பிந்தைய ரத்தப் பரிசோதனைகள் – வாசகர் கேள்வி பதில்

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் சீரற்ற இதயத்துடிப்புக்கு அப்ளேஷன் செய்துகொண்டவர்களிடமிருந்தும் அவர்கள் வீட்டாரிடமிருந்தும் வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். நோயின் பெயரைச் சுருக்கி ‘ஏஎஃப்’ என்றே எழுதுகிறோம். சிகிச்சை என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி: தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கதீட்டரை இதயத்தின் இடது மேலறைக்குள் கொண்டுபோய், நுரையீரலிலிருந்து ரத்தம் வந்து சேரும் குழாய்களின் வாயைச் சுற்றியுள்ள திசுவைச் சுட்டோ, உறையவைத்தோ, மின்துடிப்பு கொடுத்தோ வடுவாக்குவார்கள். ஏஎஃப்-ஐக் கிளப்பிவிடும் பொறிகளில் பெரும்பாலானவை அந்தக் குழாய்களுக்குள்ளிருந்தே புறப்படுகின்றன என்பதை 1998-ல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் 45 நோயாளிகளிடம் காட்டினார்கள். வடு வேலி மாதிரி. பொறி உள்ளேயே கிடந்து அடங்கிப்போகும்.

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. மூன்று வாரத்துக்கு முன் அப்ளேஷன் ஆனது. அதற்கு முன் எடுத்த என்டி-ப்ரோபிஎன்பி 1,140, இப்போது 610. ரிப்போர்ட்டில் ‘125-க்குள்’ என்று போட்டு, 610-ஐத் தடித்த எழுத்தில் அடித்திருக்கிறார்கள். சிகிச்சை பலிக்கவில்லையா?

பலித்ததா என்பதை இசிஜியைத்தான் கேட்க வேண்டும். இந்த எண் சொல்வது வேறு கதை: இதயத் தசை எவ்வளவு இழுபட்டுக்கொண்டிருக்கிறது என்பது.

இதய அறைகளின் சுவர் விரியும்போது தசை செல்கள் 108 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதச் சங்கிலியைச் செய்கின்றன. அது இரண்டாக வெட்டப்படுகிறது. 32 அமிலம் கொண்ட துண்டு பிஎன்பி. உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றி இதயத்தின் பாரத்தைக் குறைக்கும் ஹார்மோன் அதுதான். மீதி 76 கொண்டது என்டி-ப்ரோபிஎன்பி. அதற்கு வேலை எதுவும் கிடையாது, பெயருக்கேற்ற வெட்டித்துண்டு. ஆனால் பிஎன்பி சுமார் 20 நிமிடத்தில் பாதியாகிவிடும்போது, இது ஒன்றிரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். லேபுக்கு அளக்க வசதி.

அந்த 125 எங்கிருந்து வந்தது? மூச்சு வாங்குகிறது என்று புறநோயாளியாக வருபவருக்கு இதயச் செயலிழப்பு இல்லை என்று ஒதுக்கிவிடுவதற்காக வைத்த கோடு அது. ஏஎஃப் உள்ளவருக்கு இதயச் செயலிழப்பே இல்லாவிட்டாலும் மேலறை இழுபடுவதால் மட்டுமே எண் அதைத் தாண்டும். வயது கூடினாலும், சிறுநீரகம் மந்தமானாலும் தாண்டும். ஆக, உங்கள் அப்பாவின் எண்ணை 125-உடன் ஒப்பிடுவதில் பலன் இல்லை. அவருடைய பழைய எண்ணுடன்தான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் 1,140-லிருந்து 610 என்பது நல்ல இறக்கம்.

அதற்காக உடனே கொண்டாடவும் வேண்டாம். ரத்தம் எடுத்த இரண்டு நாளிலும் துடிப்பு எப்படி இருந்தது என்று பாருங்கள். 1,140 ஏஎஃப் ஓடிக்கொண்டிருந்தபோது எடுத்ததாகவும், 610 சீரான துடிப்பில் எடுத்ததாகவும் இருந்தால், இறக்கத்தில் பெரும்பங்கு துடிப்பு மாறியதால் வந்தது. மேலறை தேறியதற்கான சான்றாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் ரிப்போர்ட்டின் ஓரத்தில் பேனாவால் இப்படி எழுதி வையுங்கள்: தேதி, அப்ளேஷனுக்குப் பின் எத்தனையாவது நாள், அன்றைய துடிப்பு, அன்றைய கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு), அன்றைய எடை. இந்த ஐந்தும் இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு டாக்டராலும் அதிகம் சொல்ல முடியாது.

சுடும் வகைக் கதீட்டரின் நுனியைக் குளிர்விக்க உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்கும். சிகிச்சை முடிவதற்குள் ஒரு லிட்டருக்கு மேல் உடம்புக்குள் போய்விடுவது சகஜம். எனவே முதல் சில நாளில் எடுத்த என்டி-ப்ரோபிஎன்பி ஏறியிருந்தால் அது தண்ணீர்க் கணக்கு.

ஒரு லேபில் பிஎன்பி, இன்னொரு லேபில் என்டி-ப்ரோபிஎன்பி என்று எடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிடுகிறவர்களும் உண்டு. இரண்டும் வேறு வேறு அளவுகோல். ஒன்றை இன்னொன்றாக மாற்ற நம்பகமான பெருக்கல் வாய்பாடு கிடையாது. இதயச் செயலிழப்புக்கான சாக்குபிட்ரில்–வால்சார்ட்டன் மாத்திரை சாப்பிடுபவர் என்டி-ப்ரோபிஎன்பியையே எடுக்க வேண்டும். அந்த மருந்து பிஎன்பி சிதைவதைத் தடுப்பதால் பிஎன்பி பொய்யாக ஏறிக் காட்டும். இன்னொரு வினோதம்: உடல் பருமன் இந்த எண்ணைக் குறைத்துக் காட்டும். கஷ்டப்பட்டு எடையைக் குறைத்தவருக்கு எண் சற்று ஏறலாம். பயந்து திரும்பவும் சாப்பிட ஆரம்பித்துவிட வேண்டாம்!

அடுத்த அளவை இரண்டு மூன்று மாதம் கழித்து, அதே லேபில், இசிஜி எடுத்த அன்றே எடுங்கள். 610 அப்போது 700 ஆனால் அதற்கு அர்த்தமே இல்லை. உடம்பில் எதுவும் மாறாமலே அந்த அளவு ஆடும். 1,300 ஆகி, கணுக்காலும் வீங்கி, மூன்று நாளில் இரண்டு கிலோ கூடியிருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

கேள்வி: அப்ளேஷன் முடிந்த மறுநாள் கணவருக்கு நெஞ்சு வலித்தது. வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ட்ரோபோனின் பல மடங்கு ஏறியிருக்கிறது, ஹார்ட் அட்டாக் என்றார்கள். பிறகு இல்லை என்றார்கள். எதை நம்புவது?

ட்ரோபோனின் இதயத் தசை செல்லுக்குள் இருக்கும் புரதம். செல் உடைந்தால் ரத்தத்தில் கசியும். அப்ளேஷன் என்பதே தசை செல்களைத் தெரிந்தே அழிப்பது. ஏறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மின்துடிப்பு முறையில், சுடும் முறையைவிட இன்னும் அதிகமாக ஏறும். அதை வைத்து வேலை கெட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது, நன்றாக நடந்தது என்றும் சொல்ல முடியாது. முதல் சில நாளில் ஹார்ட் அட்டாக்கா என்று முடிவு செய்ய இசிஜி மாற்றமும் எக்கோவும்தான் துணை. சிகிச்சை விவரத் தாளைக் கையோடு எடுத்துப்போவது இதற்காகத்தான். இல்லாவிட்டால் அவசரப் பிரிவில் இருப்பவர் அந்த எண்ணைப் பார்த்து ஓடத்தான் செய்வார், அவரைக் குறை சொல்ல முடியாது.

மூச்சை இழுத்தால் கூடுவதும், மல்லாந்து படுத்தால் கூடி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் தணிவதுமான வலி பெரும்பாலும் இதய உறையின் அழற்சி. சில நாளில் அடங்கும். ஆனால் வலியோடு மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குதல், குளிர்ந்த வியர்வை சேர்ந்தால் இதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டுகிறதா என்று உடனே எக்கோ பார்க்க வேண்டும். ட்ரோபோனின் முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். இடது மேலறைக்குப் பின்னால் ஒட்டினாற்போல உணவுக்குழாய் இருக்கிறது. சுட்ட சூடு அதுவரை போய்ப் புண்ணாகி, இரண்டுக்கும் நடுவே ஓட்டை விழுவது மிக அரிது; விழுந்தால் உயிருக்கே ஆபத்து. பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில், சிலருக்கு இரண்டு மாதம் வரையிலும் தலைகாட்டும். காய்ச்சல், விழுங்கும்போது வலி, ரத்த வாந்தி, திடீரென்று கைகால் இழுப்பது ஆகியவைதான் அடையாளம். அந்த நேரத்தில் வெள்ளணுவும், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பியும் ஏறியிருந்தால் ‘வைரல் ஜுரம்’ என்று விட்டுவிடாதீர்கள். மாறுபொருள் ஊசியோடு நெஞ்சு சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். எண்டோஸ்கோபி கூடாது. அதில் ஊதும் காற்று ஓட்டை வழியாக இதயத்துக்குள் போய் மூளையை எட்டும். ‘எனக்கு அப்ளேஷன் ஆகியிருக்கிறது’ என்ற வாக்கியத்தை அந்த இரண்டு மாதமும் எந்த டாக்டரிடமும் முதலில் சொல்லுங்கள்.

கேள்வி: மூன்றாம் நாள் சிஆர்பி 48. ஐந்தாம் நாள் மறுபடியும் ஏஎஃப் வந்துவிட்டது. சிகிச்சை வீண்தானா?

சுட்ட புண் வீங்கும். வீங்கிய மேலறை எரிச்சலில் துடிக்கும். சிஆர்பி அந்த வீக்கத்தின் நிழல். சிகிச்சைக்குப் பின் இரண்டு மூன்று நாளில் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும். ரத்தத்தில் அதன் பாதி ஆயுள் சுமார் 19 மணி நேரம் என்பதால், காரணம் அடங்கினால் எண் வேகமாக விழ வேண்டும். அதிகமான சிஆர்பிக்கும் முதல் சில நாளில் திரும்பும் ஏஎஃப்-க்கும் தொடர்பு தென்பட்டிருக்கிறது. மாதங்கள் கழித்துத் திரும்புவதை அது முன்கூட்டிச் சொல்வதில்லை.

இதனால்தான் ஆரம்ப நாட்களைக் கணக்கில் சேர்க்காத ‘பிளாங்கிங்’ காலம் என்று ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகளாக அது மூன்று மாதம். 2024-ல் வந்த சர்வதேச நிபுணர் அறிக்கை அதை எட்டு வாரமாகக் குறைத்தது. அதற்குப் பிறகு 30 வினாடியோ அதற்கு மேலோ நீடிக்கும் ஏஎஃப் பதிவானால்தான் ‘திரும்பியது’ என்று எழுதுவார்கள். இதற்காக ஐந்தாம் நாளையும் ஐம்பதாம் நாளையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது. முதல் வாரத்தில் வந்துபோனது பெரும்பாலும் புண் ஆறும்போது வரும் சலசலப்பு. எட்டாவது வாரத்தை ஒட்டி வந்தால் வேலியில் எங்கோ இடைவெளி இருக்கிறது என்ற சந்தேகம் நியாயமானது. சிஆர்பி 48 மூன்றாம் நாளில் இயல்பு. மூன்றாம் வாரத்தில் இயல்பல்ல. அப்படியானால் மேலே சொன்ன ஓட்டையையும் இதய உறை அழற்சியையும் தேட வேண்டும்.

கேள்வி: மின்துடிப்பு முறையில் செய்தார்கள். அன்று மாலை சிறுநீர் தேநீர் நிறத்தில் போனது. ரத்தமா?

பெரும்பாலும் சிவப்பணு உடைந்து வெளிவந்த ஹீமோகுளோபின். செல்லின் தோலில் துளை போடும் அந்த மின்புலம் பக்கத்தில் ஓடும் ரத்தத்தையும் தொடுகிறது. எத்தனை தடவை துடிப்பு கொடுத்தார்களோ அதைப் பொறுத்து உடையும் அளவு கூடும். கதீட்டர் சுவரில் சரியாக ஒட்டாமல் ரத்தத்துக்குள் மிதந்தபடி கொடுத்தால் இன்னும் கூடும். பரிசோதித்தால், சிவப்பணு உடைந்ததன் அடையாளமாக ஹாப்டோகுளோபின் இறங்கியிருக்கும், எல்டிஹெச் ஏறியிருக்கும். பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் நிறம் தெளிந்துவிடும். கவலை சிறுநீரகத்தைப் பற்றித்தான்: 17,642 நோயாளிகளைத் தொகுத்த ஆய்வில் இந்தக் காரணத்தால் டயாலிசிஸ் வரை போனவர்கள் 5 பேர். மறுநாள் கிரியாட்டினின் பார்த்தார்களா என்று கேளுங்கள். முன்பே சிறுநீரகம் மந்தமாக உள்ளவர் இதைச் சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், நரம்பு வழி நீர் ஏற்றுவதைத் திட்டமிடுவார்கள். சிறுநீர் அளவே குறைந்தால் அன்றே போக வேண்டும்.

கேள்வி: துடிப்பைச் சீராக வைக்கும் அமியோடரோன் மாத்திரை தொடர்கிறது. டிஎஸ்ஹெச் மிகக் குறைவு, டி4 அதிகம் என்று வந்திருக்கிறது. முடி உதிர்வதால் பயோட்டின் வைட்டமினும் சாப்பிடுகிறேன். தைராய்டால் ஏஎஃப் திரும்பிவிடுமா?

நல்லவேளை பயோட்டினைச் சொன்னீர்கள். பல லேப் கருவிகள் பரிசோதனைக்குள்ளேயே பயோட்டினைப் பசையாகப் பயன்படுத்துகின்றன. 5, 10 மில்லிகிராம் மாத்திரை விழுங்கியவரின் ரத்தத்தில் உள்ள உபரி பயோட்டின் அந்தப் பசையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். டிஎஸ்ஹெச் பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் தெரியும். பார்ப்பதற்கு அச்சு அசலாக தைராய்டு மிகைப்பு! ட்ரோபோனினும் அதே மாதிரி பொய்யாகக் குறைந்து காட்டக்கூடும், அது இன்னும் ஆபத்து. பயோட்டினை இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி எடுங்கள்.

மறுபடியும் அதே முடிவு என்றால் அமியோடரோனைச் சந்தேகிக்க வேண்டும். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின். ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவை அதில் ஐந்நூறில் ஒரு பங்கு. தைராய்டு மிகைப்பு ஏஎஃப்-ஐத் தானே கிளப்பும் என்பதால், வடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் துடிப்பு தடுமாறும். இந்த மருந்து சாப்பிடும்வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை தைராய்டும் கல்லீரலும் பார்க்க வேண்டும். நிறுத்திய பிறகும் சில மாதம் பார்க்க வேண்டும். கொழுப்பில் தங்கி மெதுவாகத்தான் வெளியேறும்.

கேள்வி: அப்ளேஷன் பலிக்குமா என்று முன்கூட்டியே சொல்லும் ரத்தப் பரிசோதனை வந்துவிட்டதாமே?

தேடிக்கொண்டிருக்கிறார்கள். மேலறைத் தசையே சுரக்கும் பிஎம்பி10 என்ற புரதம் இப்போது முன்னணியில் இருக்கிறது. அது அதிகம் உள்ளவர்களுக்கு அப்ளேஷனுக்குப் பின் ஏஎஃப் திரும்பும் வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆஞ்சியோபொயட்டின்-2, எஃப்ஜிஎஃப்-23 ஆகியவையும் பட்டியலில் உண்டு. ஆனால் ஒரு கூட்டத்தில் ‘கூடுதல்’ என்பது வேறு, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் ‘உங்களுக்குப் பலிக்காது’ என்பது வேறு. திரும்பியவர்களின் அளவும் திரும்பாதவர்களின் அளவும் ஒன்றின்மேல் ஒன்று பெருமளவு படிந்துகிடக்கின்றன. எனவே இந்த எண்ணைப் பார்த்து அப்ளேஷனை ஒத்திவைப்பதோ அவசரப்படுத்துவதோ இன்றைக்குச் சரியல்ல.

மேலறை எவ்வளவு பெரிதாகியிருக்கிறது, ஏஎஃப் வந்துவந்து போகிறதா அல்லது மாதக்கணக்கில் தங்கிவிட்டதா, எடை, ரத்த அழுத்தம், குறட்டையோடு மூச்சு நிற்கும் தூக்கக் கோளாறு, மது: இவை ஏற்கெனவே கையில் இருக்கும் குறிகள். இவற்றில் பாதியை மாற்றவும் முடியும். 2020-ல் வெளியான ஒரு சோதனையில் ஏஎஃப் உள்ள, தவறாமல் குடிக்கும் 140 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். ஆறு மாதத்தில் ஏஎஃப் திரும்பியது, குடியைத் தொடர்ந்தவர்களில் 73 சதவீதத்தினருக்கு. நிறுத்தச் சொல்லப்பட்டவர்களில் 53 சதவீதத்தினருக்கு. எந்தப் புரதமும் இவ்வளவு உதவாது.

கேள்வி: ஏஎஃப் திரும்பவில்லை. என்டி-ப்ரோபிஎன்பி, டி-டைமர் (ரத்தக்கட்டி கரைவதைக் காட்டும் அளவு) இரண்டும் நார்மல். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்தலாம்தானே?

இந்த இரண்டு எண்ணை வைத்து நிறுத்தக் கூடாது. டி-டைமர் நார்மலாக இருப்பதற்குக் காரணமே அந்த மாத்திரையாக இருக்கலாம்! சிகிச்சைக்குப் பின் குறைந்தது இரண்டு மாதம் என்று 2024 ஐரோப்பிய வழிகாட்டியும், மூன்று மாதம் என்று 2023 அமெரிக்க வழிகாட்டியும் சொல்கின்றன. சுட்ட இடத்தின் உள்தோல் மூடும்வரை அங்கே ரத்தம் கட்டும் அபாயம் உண்டு. அதற்குப் பிறகு வயது, முந்தைய பக்கவாதம், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்து முடிவு செய்வார்கள். 2025-ல் தென்கொரியாவிலிருந்து வந்த 840 பேர் சோதனை, குறைந்தது ஓராண்டு ஏஎஃப் திரும்பாதவர்களில் மாத்திரையை நிறுத்தியவர்களுக்குக் கெடுதல் கூடவில்லை என்று காட்டியது. அங்கேயும் ஆட்களைத் தேர்ந்தெடுத்தது துடிப்புப் பதிவை வைத்துத்தான், டி-டைமரை வைத்து அல்ல. உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், ஆனால் நாள் முழுக்கத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் பதிவோடு போய்க் கேளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது, 54 கிலோ. அப்ளேஷன் ஆகி ஓராண்டு. வேறு எந்த டெஸ்ட்டும் வேண்டாம், வருடத்துக்கு ஒரு கிரியாட்டினின் போதும் என்று விட்டுவிடலாமா? கிரியாட்டினின் 1.4, இஜிஎஃப்ஆர் 39.

யாரும் கண்டுகொள்ளாத கிரியாட்டினினும் ஹீமோகுளோபினும்தான் இந்தப் பத்தியில் வந்த எல்லா எண்களையும்விட அம்மாவுக்கு முக்கியம். ரத்தம் உறையாமல் தடுக்கும் புதுவகை மாத்திரைகளின் அளவு சிறுநீரகத்தைப் பொறுத்தது. ஆனால் ரிப்போர்ட்டில் அச்சாகும் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) எடையைப் பார்க்காத கணக்கு. மாத்திரை அளவுக்குப் பயன்படுவது பழைய காக்க்ராஃப்ட்–கால்ட் சூத்திரம்: 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கி வந்த எண்ணால் வகுக்க வேண்டும், பெண்களுக்கு 0.85-ஆல் மறுபடி பெருக்க வேண்டும்.

அம்மாவுக்கு: 64 × 54 = 3,456. அதை 100.8-ஆல் வகுத்தால் 34.3. அதில் 0.85 மடங்கு 29. காகிதத்தில் 39, மாத்திரைக் கணக்கில் 29! டாபிகாட்ரான் சாப்பிடுகிறார் என்றால், ஐரோப்பிய மருந்துக் குறிப்புப்படி 30-க்குக் கீழே அது கூடாது. ரிவரோக்சபான் என்றால் 20 அல்ல, 15 மில்லிகிராம். அபிக்சபான் என்றால் விதி வேறு: வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், கிரியாட்டினின் 1.5 அல்லது மேல், இந்த மூன்றில் இரண்டு இருந்தால் பாதி அளவு. அம்மாவுக்கு எடை ஒன்றுதான் பொருந்துகிறது. அமெரிக்க மருந்துக் குறிப்புப்படி முழு அளவான 5 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை. ஆனால் ஐரோப்பியக் குறிப்புப்படி மாத்திரைக் கணக்கு 15-லிருந்து 29 வரை இருந்தாலே பாதி அளவான 2.5 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை. அம்மா அந்த எல்லையில் இருப்பதால் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ‘வயதாகிவிட்டதே’ என்று மட்டும் பாதியாக்கினால் பக்கவாதத்திலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு குறையும். எது சாப்பிடுகிறார் என்று பார்த்து டாக்டரிடம் பேசாமல் நீங்களாக எதையும் மாற்ற வேண்டாம்.

வருடத்துக்கு ஒன்று போதாது. மாத்திரைக் கணக்கில் வரும் எண் 60-க்குக் கீழே இருப்பவர்களுக்கு, அதைப் பத்தால் வகுத்தால் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்பது வரும். அம்மாவுக்கு மூன்று மாதம். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சலில் படுத்தால் அதற்கும் முன்பே.